சுவர் ஏறேக்கை துவக்கை ஆர் பிடிக்கிறது?

புதுசா வீட்டுவேலைக்கு வந்திருக்கிற பிள்ளையளுக்கு எழுதுறன். எனக்குப் படிப்புக் குறைவு. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்து வாசியுங்கோ.

மாபிள் தரையை எந்தத் தண்ணியாலை துடைக்கிறது, சட்டைக் கொலரை எந்தப் பக்கத்தாலை அயன் பண்ணுறது எண்டதெல்லாம் சொல்லித்தர இஞ்சை ஆக்கள் இருக்கினம். அதை நான் எழுதேல்லை. ஒருத்தரும் சொல்லித்தராத ஒண்டு இருக்கு. வேலை செய்யிற வீட்டிலை சுடுற துவக்கு இருந்தால், துவக்குக்காரனோடை என்ன கதைக்கிறது எண்டது.

சிரிக்காதேங்கோ. இந்த இத்தாலிப் பலெர்மோவிலை வயசான ஆம்பிளையள் கனபேர் வேட்டைக்காரர். முயல், காடை, காட்டுப்புறா. வீட்டிலை வெள்ளிக் கரண்டி இருக்கும், பட்டுத் திரை இருக்கும், அலுமாரிக்குள்ளை துவக்கும் இருக்கும். களவில்லை. லைசென்ஸோடைதான்.

நாங்கள் துவக்கைக் கண்டால் என்ன செய்வம்? தலையைக் குனிவம். பேசாமல் தாண்டிப் போவம். ஊரிலை அப்பிடித்தானே உயிரோடை இருந்தனாங்கள். துவக்கு வச்சிருக்கிறவன் எவனெண்டாலும் அவனை ஒண்டும் கேக்கிறதில்லை. அந்தப் பழக்கத்தையும் சூட்கேசிலை போட்டுக்கொண்டுதான் நான் மன்னாரிலையிருந்து வந்தனான்.

தொண்ணூறுகளின்ரை நடுவிலை லிபெர்த்தா றோட்டிலை ஒரு வீட்டிலை வேலை கிடைச்சது. ரெண்டாம் மாடி. மனிசி செத்துப்போன ஒரு வயசானவர் தனிய இருந்தார். அவரை எல்லாரும் ‘தொத்தோரே’ எண்டு கூப்பிட்டவை. ஆள் டொக்டர் இல்லை. இந்த ஊரிலை காற்சட்டை மடிப்புக் கலையாத ஆம்பிளை எல்லாரும் தொத்தோரேதான். மகள் தூரத்திலை, வடக்கிலை. ஞாயிறு ஞாயிறு போன் எடுப்பா.

நல்ல மனிசன். சாப்பாட்டிலை குறை சொல்லாத நாள் இல்லை. இரட்டைக்குழல் துவக்கு ஒண்டு வச்சிருந்தார், தேப்பன் குடுத்தது. ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டு முடிய அதை எடுத்துத் துடைப்பார். நாய் காலடியிலை படுத்திருக்கும். வேட்டைக்காலம் வந்தால் அவரும், நாயும், பல்லரோச் சந்தை இறைச்சிக்கடைக்காரரும் மலைக்குப் போவினம். வரேக்கை ஒரு முயல் வரும். ரெண்டு பேரும் தாங்கள்தான் சுட்டது எண்டு சண்டை பிடிப்பினம்.

ஒரு வரியம் கோடையிலை நாய் செத்துது. பிறகு கண் டொக்டர் சொல்லிப்போட்டார், கண் போகுது, இனிக் கார் ஓடப்படாது, சுடவும் ஏலாது எண்டு. வேட்டைக்காலம் துவங்கிச்சுது. இறைச்சிக்கடைக்காரர் போன் எடுத்தார்.

“இல்லையெண்டு சொல்லும்” எண்டார் தொத்தோரே, போனுக்குப் பக்கத்திலை நிண்டுகொண்டு.

கொஞ்ச நாளிலை இறைச்சிக்கடைக்காரரும் போன் எடுக்கிறதை விட்டிட்டார்.

தொத்தோரே சாப்பாட்டைக் குறை சொல்லுறதை நிப்பாட்டினார். எனக்கு அதுதான் முதல் பயம். பிறகு தன்ரை நல்ல வேட்டைச் சப்பாத்தை எடுத்து, “உம்மடை மனுசனுக்குக் குடும்” எண்டார். என்ரை மனுசனுக்குச் சின்னக் கால். அந்தாள் உள்ளுக்குக் கடதாசி அடைஞ்சு போட்டுக்கொண்டு பூசைக்குப் போச்சுது. கோயிலிலை எல்லாரும் சாமியாரை விட்டிட்டுக் கீழை பாத்தவை. நான் சிரிச்சன். ஆனால் வீட்டுக்கு வந்து யோசிச்சன். வேட்டைக்காரன் ஏன் சப்பாத்தைக் குடுக்கிறான்?

அடுத்த கிழமை துவக்கு அலுமாரியிலை இல்லை. அவரின்ரை படுக்கையறைக் கதவுக்குப் பின்னாலை சாத்தி வச்சிருந்தது.

நான் என்ன செய்தனான்? அதைச் சுத்தித் துடைச்சன். கதிரைக் காலைச் சுத்தித் துடைக்கிற மாதிரி. வடிவாத் துடைச்சன். பேசாமல் வெளியிலை வந்தன். வீட்டுக்காரரின்ரை சாமானைப் பற்றிக் கேக்கிறதில்லை எண்டது எங்கட வேலையிலை முதல் பாடம். அதோடை, சாவு எண்ட சொல்லை வீட்டுக்குள்ளை நாங்கள் எடுக்கிறதில்லை. வாயாலை சொன்னால் வந்திடும் எண்டு வளந்த ஆக்கள். எடுத்தாலும் சுத்தி வளைச்சுத்தான் எடுப்பம்.

அப்பிடித்தான் சுத்தி வளைச்சன்.

“தொத்தோரே, நான் துடைக்கிற தண்ணி அந்த மூலையிலை தேங்குது. துவக்குக் கறள் பிடிக்கப்போகுது.”

அவர் அலுமாரிக்குள்ளை திருப்பி வைப்பார் எண்டு நினைச்சன்.

“கறளோ!” எண்டார். கனநாளைக்குப் பிறகு நிமிந்து பாத்தார். “உமக்கு நல்ல கண், தெரேசா.”

எழும்பிப் போனார். துவக்கை எடுத்தார். கட்டிலுக்குப் பக்கத்திலை, காஞ்ச கம்பளத்திலை வச்சார்.

அதோடை நிக்கேல்லை. எனக்குத் துவக்கிலை விருப்பம் எண்டு நினைச்சுப்போட்டார். ஞாயிறு மத்தியானம் என்னைக் கூப்பிட்டுச் சாப்பாட்டு மேசையிலை இருத்தினார். பழைய துணி, எண்ணெய். பாடம் துவங்கிச்சுது.

“முதல் வேலை மடிச்சுத் திறக்கிறது. ரெண்டு குழலும் வெறுமையோ எண்டு பாக்கிறது. வெறுமை எண்டு தெரிஞ்சாலும் ஆற்றை பக்கமும் நீட்டப்படாது. விளங்குதோ?”

“ஓம்.”

“மலையிலை கல்லுச் சுவர் வரும். எப்பிடி ஏறுவீர்?”

“ஏறுவன்.”

“துவக்கோடையோ? விசரி. துவக்கைத் திறந்து வெறுமையாக்கித் தோழனிட்டைக் குடுக்கோணும். பிறகு ஏறோணும். அங்காலை இறங்கினாப் பிறகு கேட்டு வாங்கோணும். சுவர் ஏறுறவனுக்கு ரெண்டு கையும் வேணும். எவ்வளவு கெட்டிக்காரனுக்கும் கால் வழுக்கும். அதிலை வெக்கமில்லை.”

“தோழன் இல்லாட்டி?”

குழலைத் துடைச்சுக்கொண்டே இருந்தார்.

“தோழன் இல்லாட்டி ஏறப்படாது” எண்டார்.

பாடம் முடிய அதைக் கொண்டுபோய்த் திருப்பியும் கட்டிலடியிலை வச்சார். நான் பாத்துக்கொண்டு நிண்டன்.

அந்தக் கட்டிடத்திலை வேலை செய்யிற நாங்கள் ஆளையாள் மாடியைச் சொல்லித்தான் கூப்பிடுறது. நான் ரெண்டாம் மாடி. நாலாம் மாடி ஒரு மொரீசியஸ்காரி. பேர் தமிழ்ப் பேர், நெற்றியிலை பொட்டு, தேவாரம் வரும். கதைக்கத் தமிழ் வராது. நாங்கள் ரெண்டு தமிழரும் படிக்கட்டிலை நிண்டு இத்தாலியனிலைதான் குப்பை கதைக்கிறது.

குப்பைப் பையோடை இறங்கேக்கை அவளுக்குச் சொன்னன்.

அவள் படியிலை இருந்து சிரிச்சாள். “கறள் எண்டு சொன்னனியோ? அது கதவடியிலையிருந்து கட்டிலடிக்கு வந்திட்டுதோ? இன்னும் ஒருக்காக் கெட்டித்தனமாக் கதை. தலைகாணிக்குக் கீழை வந்திடும்.”

எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது.

அவள் பையைக் கீழை வச்சாள். “நேரை கேள்.”

“எதை?”

“நீ எதுக்குப் பயப்பிடுறியோ அதை.”

“கேட்டு, அதாலை அவருக்கு அந்த எண்ணம் வந்திட்டால்?”

“என்ரை வீட்டுக்காரச் சிஞ்ஞோரா ஒரு டொக்டர். நான் முந்தி ஒருக்கா இதைக் கேட்டனான். கேக்கிறதாலை எண்ணம் வராதாம். இருக்கிற எண்ணத்துக்குக் கதவு திறக்குமாம்.”

“என்ரை இத்தாலியன் குசினி இத்தாலியன், சமையலுக்குத்தான் காணும். எப்பிடிக் கேக்கிறது?”

“குசினி இத்தாலியன் போதும். சுத்தி வளைக்கத்தான் கனக்கச் சொல்லு வேணும்.”

அவளிட்டை நான் படிச்சது ‘நேரை கேள்’ எண்ட அந்த ஒரு சொல்லுத்தான். இண்டைக்கும் அதை வச்சுத்தான் சீவிக்கிறன்.

அடுத்த நாள் மத்தியானம் பருப்புச் சூப் வச்சன். கோப்பையை அவருக்கு முன்னாலை வச்சுப்போட்டு, மேசைக்கு மற்றப் பக்கம் நிண்டன். தமிழிலை எண்டால் என்ரை வாயாலை வந்திராது.

“தொத்தோரே, நீங்கள் சாக நினைக்கிறீங்களோ? அந்தத் துவக்காலை?”

கீழை றோட்டிலை ஒரு வெஸ்பா போச்சுது. கரண்டியைக் கோப்பைக்குள்ளை விட்டார்.

“நேற்று நினைச்சனான்” எண்டார்.

“இண்டைக்கு?”

“இண்டைக்குச் சூப்பிலை உப்புக் கூட. அதைத்தான் நினைச்சுக்கொண்டிருந்தன்.”

சிரிக்கலாமோ எண்டு எனக்குத் தெரியேல்லை. அவர்தான் முதல் சிரிச்சார். சிரிச்சுக்கொண்டே அழத் துவங்கினார். நான் கதிரையை இழுத்து இருந்தன். சாப்பாட்டு நேரத்திலை அந்த மேசையிலை நான் இருந்தது அதுதான் முதல் தரம்.

அவர் நாயைப் பற்றிக் கதைச்சார். கண்ணைப் பற்றி. மலையைப் பற்றி. என்னட்டை ஆறுதல் சொல்லுற இத்தாலியன் இல்லை. இருந்தன். அவ்வளவுதான். சூப் ஆறிப்போச்சுது.

இனித்தான் முக்கியமான இடம். பிள்ளையள், கவனமா வாசியுங்கோ.

“துவக்குக் கூடாது, தாங்கோ, எறிவம்” எண்டு என்ரை நாக்கு நுனிக்கு வந்தது. நான் அதை விழுங்கினன். வேட்டைக்காரனிட்டைத் துவக்குக் கூடாது எண்டு சொன்னால் அவன் துவக்குக்காக வாதாடத் துவங்குவான். தன்ரை உயிரைப் பற்றிக் கதைக்கிறதை விட்டிடுவான். அவனுக்கு அது தேப்பன் குடுத்தது. நாயோடை நடந்த நடை எல்லாம் அதிலை இருக்கு. நான் போய்க் குறை சொல்ல அவன் ஏன் கேக்கோணும்? அவன் கேக்கிறது வேட்டைக்காரற்றை கட்டளையை. நல்ல காலம், அதை அவரே எனக்குப் படிப்பிச்சிருந்தார்.

“தொத்தோரே, நீங்கள் இப்ப ஒரு சுவர் ஏறுறியள்” எண்டன்.

என்னைப் பாத்தார்.

“உயரமான சுவர்” எண்டார்.

“ரெண்டு கையும் வேணும்.”

“துவக்கைப் பிடிக்க நீர் நிக்கிறீரோ?”

“எனக்கு லைசென்ஸ் இல்லை. குவெஸ்தூராப் பொலிசிலை நான் இஞ்சை இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோவையும் பறிச்சு, உங்களையும் உள்ளுக்குப் போடுவாங்கள்.”

அவருக்குச் சிரிப்பு வந்திட்டுது. “பின்னை ஆர்?”

“பல்லரோ இறைச்சிக்கடைக்காரர்.”

“அந்தக் கழுதையோ?”

“சுமக்கக் கழுதைதானே வேணும்.”

மூக்கைத் துடைச்சார். நான் போனை மேசைக்குக் கொண்டுவந்து வச்சன். நம்பரை அமத்தினது அவர்தான். நான் தொடேல்லை. “கடையைப் பூட்டிப்போட்டு வா” எண்டார். வேறை ஒண்டும் சொல்லேல்லை.

அந்தாள் வருமட்டும் நான் அவரைத் தனிய விடேல்லை. படுக்கையறை வாசலிலை கதிரையைப் போட்டு இருந்து போஞ்சிக்காய் வெட்டினன். அண்டைக்கு வெட்டின போஞ்சி மூண்டு வீட்டுக்குக் காணும்.

“நீர் என்னைக் காவல் காக்கிறீர்” எண்டார்.

“ஓம்” எண்டன்.

“போஞ்சியைச் சின்னனா வெட்டும்” எண்டார்.

இறைச்சிக்கடைக்காரர் இரத்தம் படிஞ்ச ஏப்ரனோடை வந்தார். கையிலை ஒரு பை சொசேஜ். முதல் மாடியிலையே கத்தத் துவங்கிட்டார். நாலாம் மாடி கைபிடியிலை தொங்கிப் பாத்துக்கொண்டு நிண்டாள்.

“எத்தினை தரம் போன் எடுத்தனான்! செத்துப்போனியோ எண்டு நினைச்சன்!”

“அதுக்குத்தான் யோசிச்சனான்” எண்டார் தொத்தோரே.

அந்த ஆள் வாசலிலையே நிண்டுட்டார். அவ்வளவு பெரிய உடம்பு. சொசேஜ் பையை என்ரை கையிலை தந்தார்.

தொத்தோரே உள்ளுக்குப் போனார். நானும் பின்னாலை போனன். தோட்டா எல்லாத்தையும் ஒரு துணிப்பையிலை போட்டார். துவக்கை மடிச்சுத் திறந்து, கொண்டுவந்து, ரெண்டு குழலையும் அவருக்குக் காட்டினார்.

“வெறுமை. நான் ஒரு சுவர் ஏறுறன். பிடி.”

இறைச்சிக்கடைக்காரர் ஏன் எண்டு கேக்கேல்லை. இப்ப சுகமோ எண்டும் கேக்கேல்லை. திறந்த துவக்கை முழங்கை மடிப்பிலை போட்டார், மலையிலை போடுற மாதிரி.

“அங்காலை இறங்கினாப் பிறகு கேள்” எண்டார். கண் நிறைஞ்சிருந்தது. வாய் மட்டும் அடங்கேல்லை. “இந்தப் பழசை வச்சுக்கொண்டோ இவ்வளவு காலமும் சுட்டனி? அதுதான் அந்த மலை முயலெல்லாம் வயசுபோய்ச் செத்ததுகள்.”

“நீ சுட்டது என்ரை தொப்பியை.”

“தொப்பி அசைஞ்சது!”

அண்டைக்குச் சொசேஜ் பொரிச்சு மூண்டு பேரும் சாப்பிட்டம். பின்னேரம் நாலாம் மாடி டொக்டர் சிஞ்ஞோரா இறங்கி வந்து அவரோடை கதைச்சா. வேறை ஒரு டொக்டரிட்டை அனுப்பினா, மருந்து வந்தது. மகளுக்கு அவரே போன் எடுத்துச் சொன்னார். மகள் அழுதது குசினிமட்டும் கேட்டுது. ரெண்டு நாளிலை வந்து நிண்டா.

துவக்கை இறைச்சிக்கடைக்காரரின்ரை பேரிலை பதியக் குவெஸ்தூராவுக்குப் போகோணும். தொத்தோரே டை கட்டினார். எனக்கு அந்த இடம் நல்லாத் தெரியும். விடிய முதல் போய் வரிசையிலை நிண்ட கால் இது. தண்ணிப் போத்தல், குந்தி இருக்கத் துண்டு எல்லாம் எடுத்துக்கொண்டு அவரோடை போனன். அவை ரெண்டு பேரும் வேறை வாசலாலை போய்க் கெதியா வந்திட்டினம். துவக்குக்கு வரிசை இல்லை. எங்களுக்குத்தான் வரிசை.

பிறகு ஞாயிற்றுக்கிழமையளிலை இறைச்சிக்கடைக்காரர் வருவார். வாசலிலை நிண்டு ஒரே கேள்வி.

“சுவரிலை எவடம்?”

“நடுவிலை.”

இன்னொரு நாள், “ஒரு கால் அங்காலை.”

இன்னொரு நாள், “வழுக்கிப்போட்டன். கீழை நிக்கிறன்.” அண்டைக்கு அந்தாள் கனநேரம் இருந்திட்டுப் போனார்.

வசந்தகாலம் ரெண்டு பேரும் மலைக்குப் போச்சினம், பாணும் வைனும் கொண்டு. துவக்கு இல்லை. வந்து சண்டை பிடிச்சினம். முயலைத் தானே முதல் கண்டது எண்டு தொத்தோரே. கண் தெரியாதவன் எப்பிடிக் காணுறது எண்டு மற்றவர். அடுத்த வேட்டைக்காலம் வந்தது. “துவக்கு வேணுமோ?” எண்டு இறைச்சிக்கடைக்காரர் கேட்டார். தொத்தோரே யோசிச்சுப்போட்டு, “நீயே வச்சிரு, எனக்குக் கை சும்மா இருக்கட்டும்” எண்டார். துவக்கு இருந்த அலுமாரியிலை என்ரை அயன் பண்ணுற பலகை ஏறிச்சுது.

அதுக்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் கிழமையே கேப்பன். துவக்கு இருக்கோ, பூட்டி இருக்கோ, சுவர் ஏறேக்கை ஆரிட்டைக் குடுப்பியள் எண்டு. ஒருத்தரும் கோவிச்சதில்லை. வேட்டைக்காரர் தங்கட விசயம் கேட்டால் சந்தோசப்படுவினம். ஒரேத்தோ ஆத்துப் பக்கம் ஒரு வீட்டிலை பேரப்பிள்ளையள் ஓடித் திரியுதுகள், துவக்கு அலுமாரி பூட்டுற திறப்புக் கதவிலையே தொங்குது. அந்தத் தாத்தா என்ரை கேள்விக்கு நல்லா யோசிச்சார். யோசிச்சுத் துவக்கைத் தன்ரை மச்சானிட்டை விட்டார், அவருக்கும் லைசென்ஸ் இருந்தது. “அவனோடை எனக்குக் கதை பேச்சு இல்லை. செத்தாலும் போய்க் கேக்க மாட்டன். அதைவிடப் பெரிய பூட்டு உண்டோ?” எண்டார்.

நீங்களும் கேளுங்கோ. துவக்கை நீங்கள் தொடாதேங்கோ, ஒளிக்காதேங்கோ, குறை சொல்லாதேங்கோ. ஆள் சோர்ந்துபோனால், இருக்கிறதைக் குடுக்கத் துவங்கினால், நேரை கேளுங்கோ. கேட்டுப்போட்டு ஓடாதேங்கோ. பக்கத்திலை இருங்கோ. ஆரையாவது கூப்பிடுங்கோ, டொக்டரையும் கூப்பிடுங்கோ. தனியச் சுமக்காதேங்கோ.

கேக்கப்பட்ட ஆளுக்கு அது எப்பிடி இருக்கும் எண்டு எனக்குப் பிறகுதான் தெரிஞ்சது.

தொத்தோரே வீட்டிலை வேலை செய்யிற காலத்திலையே ஊரிலையிருந்து ஒரு செய்தி வந்தது. என்ரை தம்பி. அதை இஞ்சை எழுதேல்லை. அடுத்த நாள் வேலைக்குப் போனன். துடைச்சன். அயன் பண்ணினன். சூப் வச்சன். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. கோப்பையை வச்சுப்போட்டுக் குசினிக்குத் திரும்பினன்.

“தெரேசா, இரும்.”

இருந்தன்.

தொத்தோரே கரண்டியைக் கீழை வச்சார். என்ரை முகத்தை அந்தக் கண்ணாலை எவ்வளவு காண ஏலுமோ அவ்வளவும் பாத்தார். பிறகு நான் கேட்ட அதே குசினி இத்தாலியனிலை கேட்டார்.

“நீர் சாக நினைக்கிறீரோ?”

பயம் வரேல்லை. பாரமான வாளியை மற்றப் பக்கத்தாலை ஒருத்தர் பிடிச்ச மாதிரி இருந்தது.

“இல்லைத் தொத்தோரே” எண்டன். “அழோணும். அவ்வளவுதான்.”

“அழும்” எண்டார். என்ரை கோப்பையையும் எடுத்து வரச் சொன்னார். “ஆனால் சூப்புக்குள்ளை அழாதேயும். இண்டைக்குத்தான் உப்புச் சரியா இருக்கு.”